ஹோல்டரில் இறுகிய டிப்பைக் கழற்றுவது: பட்டறைக் கேள்விகளுக்குப் பதில்கள்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் தகரப் பட்டறை, அலுமாரிப் பட்டறை, வாகனத் திருத்தகம் நடத்தும் பலர் ஒரே தொல்லையை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: ஸ்பொட் வெல்டிங் இயந்திரத்தின் (தகடுகளை நடுவில் வைத்து அழுத்தி, மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக ஒட்டும் இயந்திரம்) டிப், அதாவது தகட்டைத் தொடும் செப்பு முனை, தேய்ந்துவிட்டது, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரை விட்டு வர மறுக்கிறது, என்ன செய்வது? 26 ஆண்டுகளாக இந்த இயந்திரங்களைத் திருத்தித்தான் பிழைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப் தேய்ந்து தீர்வதற்காகவே செய்யப்பட்டது. ஹோல்டர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. டிப்பை எடுக்கும் அவசரத்தில் ஹோல்டரைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரத்மலானை, இரும்பு அலுமாரிப் பட்டறையில் வேலை பழகுபவர்: ஐயா, டிப் இறுகினால் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு அடி போட்டு ஆட்டி எடுக்கும்படி முதலாளி சொல்கிறார். சில நேரம் வருகிறது, சில நேரம் வளைந்துவிடுகிறது. இது சரிதானா?

தம்பி, முதலாளியிடம் பணிவாகச் சொல்லுங்கள், பக்கத்தில் அடிக்கவே கூடாது. டிப்பின் அடிப்பகுதி மெல்லிய கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். ஹோல்டரின் துளையும் அதே சரிவில் இருக்கும். இதைத்தான் டேப்பர் என்கிறோம். மரையும் இல்லை, ஆணியும் இல்லை. இரண்டு சரிவும் சுற்றிவர முழுமையாக ஒட்டி நிற்பதால்தான் டிப் விழாமல் இருக்கிறது, மின்சாரம் பாய்கிறது, டிப்பைக் குளிர்விக்க உள்ளே ஓடும் தண்ணீரும் கசியாமல் இருக்கிறது. 0.8 மில்லிமீற்றர் இரும்புத் தகடு இரண்டை ஒட்டும்போது ஏறத்தாழ 8,000 அம்பியர் அந்தச் சந்திப்பின் வழியாகத்தான் போகிறது.

பக்கத்தில் அடித்தால் துளையின் வாய் வட்டம் குலைந்து அகலும். அடுத்துப் போடும் டிப் ஓர் ஓரத்தில் மட்டும் தொடும். தொடும் இடம் கொதிக்கும், தொடாத இடத்தில் நீர் கசியும். அப்படிச் சூடேறிய டிப் முன்னதைவிட மோசமாக இறுகும். இன்று நீங்கள் போடும் அடிதான் அடுத்த மாதம் இன்னொரு டிப் வராமல் போவதற்குக் காரணமாகிறது.

எந்த முறையில் கழற்றினாலும் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு காற்றையும் தண்ணீரையும் மூடுங்கள். சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் காற்றையும் வெளியே விடுங்கள். மேல் கை 200 கிலோ அழுத்தத்தோடு இறங்கினால் விரல் மிஞ்சாது. கண்ணாடி போடாமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

பேலியகொடை, மின் பெட்டிகள் செய்பவர்: எங்கள் ஹோல்டரின் பின்பக்கம் ஓர் உருண்டைத் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எதற்கு?

உங்கள் பிரச்சினைக்கு விடை அதுதான். அது எஜெக்டர். டிப்பை வெளியே தள்ளுவதற்கென்றே வைத்தது. தண்ணீர்க் குழாயின் மூடி என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் அதைத் தொடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். நைலோன் தலை அல்லது தோல் தலைச் சுத்தியலால் ஹோல்டரின் நேர்க்கோட்டில் ஓர் அடி, தேவையானால் இன்னோர் அடி. உள்ளே உள்ள குழாய் டிப்பின் அடியில் முட்டி அதைத் தள்ளிவிடும். டிப்பின் கீழே ஒரு கையோ துணியோ இருக்கட்டும். கீழ் ஆர்மில், அதாவது இயந்திரத்தின் கீழ்க் கையில், விழுந்தால் டிப்பின் முகப்பு நசுங்கும்.

இரும்புச் சுத்தியல் வேண்டாம். எஜெக்டரின் தலை காளான்போல் விரிந்துவிட்டால் அது உள்ளே நகராது. மூன்று அடிக்கும் வராவிட்டால் நாலாவதை ஓங்கி அடிக்காதீர்கள். ஒருவர் டிப்பை ஸ்பானரால் இலேசாகத் திருகிப் பிடிக்க, மற்றவர் எஜெக்டரைத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

கிராண்ட்பாஸ்: எஜெக்டர் இல்லாத ஹோல்டர். பைப் ரென்ஞ் போடலாமா?

டிப்பில் இரண்டு பக்கமும் தட்டையாக வெட்டிய இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குச் சரியான அளவு ஸ்பானர் போதும். இல்லாவிட்டால் பைப் ரென்ஞ் போடலாம், எறியப்போகும் டிப்பில் மட்டும். அதன் பற்கள் ஹோல்டரைத் தொடக்கூடாது. டிப்பைச் சுழற்ற வேண்டுமே தவிர வளைக்கக்கூடாது. அச்சைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பினாலே டேப்பரின் பிடி விட்டுவிடும். பிறகு கையாலேயே எடுக்கலாம். ஹோல்டரும் சேர்ந்து சுழலாமல் இன்னொரு கருவியால் தாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுடையது தண்டின் மேல் தொப்பிபோல் உட்காரும் வகையானால் வேறு வழி உண்டு. தொப்பிக்கும் தண்டின் தோளுக்கும் இடையே கவர்போல் பிளந்த ஆப்பை நுழைத்துத் தட்டினால் இரு பக்கமும் சமமாகத் தூக்கிக்கொடுக்கும். கடைசல் பட்டறையில் சொன்னால் ஒன்று செய்து தருவார்கள்.

வத்தளை, சொந்தப் பட்டறை: டிப் முறிந்து அடிப்பகுதி ஹோல்டருக்குள்ளேயே நின்றுவிட்டது. பிடிக்க வெளியே எதுவும் இல்லை. ஹோல்டரை எறிந்துவிடவா?

எறியாதீர்கள். எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஹோல்டரை ஆர்மிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். வைஸில் பிடிக்கும்போது தாடைகளுக்கு நடுவே செப்புத் தகடோ அலுமினியத் தகடோ வையுங்கள். அடுத்து உள்ளே இருக்கும் தண்ணீர்க் குழாயைப் பின்பக்கமாக உருவி எடுங்கள். இதை மறந்துவிடாதீர்கள். என் தொடக்க காலத்தில் குழாயை எடுக்காமல் துளையிட்டு, குழாயையும் சேர்த்துக் கிழித்து, நல்ல ஹோல்டர் ஒன்றைப் பாழாக்கினேன். அதன் உரிமையாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது இன்னும் மனதில் நிற்கிறது.

முறிந்த துண்டின் நடுவில் தண்ணீர்த் துளை ஏற்கெனவே இருக்கும். அது நமக்குப் பெரிய உதவி. அந்தத் துளைக்குப் பொருந்தும் அளவில் மரை வெட்டும் டேப்பை எடுத்து, எண்ணெய் விட்டு, கையால் மரை வெட்டுங்கள். செம்பு பிசுபிசுவென்று ஒட்டும் உலோகம். ஆகவே அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போனால்தான் சுருள் உடைந்து வெளியே வரும். அவசரப்பட்டால் டேப் முறிந்து, செம்புக்குள் எஃகு சிக்கிக்கொள்ளும்.

மரை வெட்டியதும் ஹோல்டரின் வாயைச் சுற்றி உட்காரும்படி ஒரு சிறிய குழாய்த் துண்டை நிறுத்துங்கள். அதன் உள்விட்டம் டிப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மேலே தடித்த வாஷர். நீண்ட மரைத்தண்டு ஒன்றை வாஷர் வழியாக விட்டுத் துண்டில் திருகி, மேலே நட்டைப் போட்டு இறுக்குங்கள். தண்டு சுழலாமல் அதன் தலையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். நட்டு இறுக இறுகத் தண்டு நேராக மேலே இழுக்கும். ஸ்பானரில் கனம் ஏறுவது கைக்குத் தெரியும். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். கனம் சட்டென்று போய்விடும். துண்டு விடுபட்டுவிட்டது. அடியும் இல்லை, வளைவும் இல்லை, துளையில் ஒரு கீறலும் இல்லை.

புதிய டிப்பை உடனே போட்டுவிடாதீர்கள். துளையைத் துணியால் துடைத்து, விளக்கைப் பிடித்துப் பாருங்கள். புதிய டிப்பின் டேப்பரில் நீல மையை மெல்லியதாகத் தடவி, உள்ளே அழுத்தி எடுங்கள். மை சுற்றிவரச் சமமாகப் பட்டிருந்தால் துளை நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் அதே சரிவுள்ள டேப்பர் ரீமரை (துளையைச் சீவிச் சரிசெய்யும் கருவி) கையால் இரண்டு மூன்று சுற்று விடுங்கள். மின்துளைக்கருவியில் பூட்டாதீர்கள், உப்புத்தாளைச் சுருட்டித் தேய்க்காதீர்கள். ரீமர் போடும் ஒவ்வொரு முறையும் டிப் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெமட்டகொடை: காஸ் சுவாலையால் ஹோல்டரைச் சூடாக்கி எடுக்கலாமா?

வேண்டாம். டிப் பொதுவாகக் குரோமியம், சிர்க்கோனியம் கலந்த செம்பு. ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் அதன் கடினம் போய்விடும். செப்புக் கலவையில் செய்த ஹோல்டருக்கும் சுவாலை ஆகாது. உள்ளே நீர் அடைபட்டிருந்தால் ஆவியாகிச் சீறும். ரப்பர் வளையங்களும் கருகும். சூடு கொடுத்தே ஆக வேண்டுமானால் கொதிநீரில் நனைத்த துணியை ஹோல்டரைச் சுற்றிப் போட்டு, டிப்பின் மேல் ஐஸ் கட்டியை வையுங்கள். 60 பாகை வேறுபாடு 16 மில்லிமீற்றர் விட்டத்தில் 0.016 மில்லிமீற்றர் இடைவெளி தரும். சிறிய அளவுதான், ஆனால் டேப்பரின் பிடியை விடுவிக்க உதவும். டிப்பும் சூடேறுவதற்குள் திருகிவிட வேண்டும்.

மாளிகாவத்தை, பழைய இயந்திரங்கள் வாங்கி விற்பவர்: தம்பி, டிப் புதியது, ஹோல்டரும் கீறல் இல்லாதது. ஆனாலும் நீர் கசிகிறது, நாலு நாளில் இறுகிவிடுகிறது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய டிப்தான்.

நானா, அளவு ஒன்றாக இருந்தாலும் சரிவு வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஐ.எஸ்.ஓ. எனும் சர்வதேசத் தரத்தில் டேப்பர் 1:10, அதாவது 10 மில்லிமீற்றர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீற்றர் குறையும். அமெரிக்கத் தரமான ஆர்.டபிள்யூ. டேப்பர் ஓர் அடி நீளத்துக்கு 0.6 அங்குலம், அதாவது 1:20. அமெரிக்க 5ஆம் இலக்கத்தின் பெரிய விட்டம் 0.625 அங்குலம், ஏறத்தாழ 15.9 மில்லிமீற்றர். 16 மில்லிமீற்றர் ஐ.எஸ்.ஓ. டிப்போடு பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மாற்றிப் போட்டால் வாயிலோ அடியிலோ ஒரு மெல்லிய வளையம் மட்டும் தொடும். எல்லா மின்சாரமும் அந்த வளையத்தின் வழியாகப் போய் அதை ஹோல்டரோடு ஒட்டவைத்துவிடும்.

பல நாட்டு இயந்திரங்கள் கலந்து கிடக்கும் நம் ஊரில் இந்தத் தவறு நடப்பது வியப்பில்லை. கடைக்குப் போகும்போது பழைய டிப்பையும் வேர்னியரையும் கொண்டு போங்கள். டேப்பரில் 10 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு இடங்களில் விட்டத்தை அளந்து கழியுங்கள். விடை 1 என்றால் ஒரு வகை, 0.5 என்றால் மற்றது.

மொறட்டுவை: நீர் கசியாமலிருக்க டேப்பரில் வெள்ளை நாடா சுற்றுகிறோம். தவறா?

தவறு. அந்த நாடா மின்சாரத்தைக் கடத்தாது. கசிவு நிற்கும், சூடு கூடும். கிரீசும் வேண்டாம். டேப்பர் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். விரும்பினால் எலக்ட்ரோட் (டிப்) டேப்பருக்கென்றே விற்கும் மின்கடத்தும் பசையை மிக மெல்லியதாகத் தடவலாம்.

கொட்டாஞ்சேனை, கணவருக்குப் பின் பட்டறையை நடத்துபவர்: அண்ணா, வேலையாட்கள் டிப்பை ஓங்கி அடித்துத்தான் போடுகிறார்கள். அப்படியும் பிற்பகலில் சூடாகி இறுகிவிடுகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

தங்கச்சி, ஓங்கி அடிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கையால் வைத்து, மரச் சுத்தியலால் ஒரு தட்டு. மீதியை இயந்திரத்தின் அழுத்தமே பார்த்துக்கொள்ளும்.

பிற்பகல் என்று சொன்னீர்களே, அதில்தான் விசயம் இருக்கிறது. கூரை மேல் கறுப்புத் தாங்கியிலிருந்து இயந்திரத்துக்குத் தண்ணீர் வருகிறதா? பங்குனி, சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீர் வெந்நீராகிவிடும். உள்ளே போகும் நீர் 30 பாகைக்குக் கீழே இருப்பது நல்லது. தாங்கிக்கு நிழல் போடுங்கள், முடிந்தால் தனித் தொட்டியில் குளிரூட்டிச் சுழற்றுங்கள்.

பிறகு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கள். நீர் திரும்பி வரும் குழாயை வாளிக்குள் விட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். ஒவ்வொரு டிப்புக்கும் 4 லீற்றராவது வர வேண்டும். குறைந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். ஹோல்டரைக் கழற்றி, தண்ணீர் கலந்த வினாகிரியில் ஊறவைத்து, நன்றாகக் கழுவுங்கள். மேலும் கீழும் தனித்தனிக் குழாய் இருக்கட்டும். மேல் டிப்பைக் குளிர்வித்த வெந்நீரைக் கீழ் டிப்புக்கு அனுப்பக்கூடாது.

உள்ளே உள்ள மெல்லிய குழாய் வழியாக நீர் போய், அதன் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். மாற்றிப் பூட்டினால் டிப்பின் முனையில் ஆவி தங்கிவிடும். குழாயின் முனை சாய்வாக வெட்டப்பட்டு டிப்பின் அடி வரை எட்ட வேண்டும். நீளமான டிப் வாங்கிப் போட்டுவிட்டுப் பழைய குட்டைக் குழாயை அப்படியே விடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

வெள்ளவத்தை: டிப் ஹோல்டரில் இறுகவில்லை, நாகம் பூசிய கல்வனைஸ் தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது.

அது வேறு நோய். தகட்டின் நாகம் 419 பாகையிலேயே உருகிச் செம்போடு கலந்து, முனையில் பித்தளைப் படலமாகிறது. முகப்பை அடிக்கடி டிரஸரால் (டிப்பின் முகப்பைச் சீவும் கருவி) சீவுங்கள், அரம் வேண்டாம். 1 மில்லிமீற்றர் தகட்டுக்கு முகப்பு விட்டம் 5 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். ஒட்டிய தகட்டைப் பிடித்து ஆட்டினால் அதுவும் ஹோல்டருக்குப் பக்கவாட்டு அடிதான்.

ஆமர் வீதி: கழற்றிய டிப்பைக் கிரைண்டரில் தேய்த்து மீண்டும் போடலாமா?

எந்தக் கலவை என்று தெரிந்தால் மட்டும். சில கடினமான டிப்களிலும் ஹோல்டர்களிலும் பெரிலியம் இருக்கும். அதன் தூசு நுரையீரலைக் கெடுத்துவிடும், திரும்பச் சரியாகாது. தெரியாத செம்பை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் பையனும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறான்.

இரத்மலானை, முதலில் கேட்ட அதே தம்பி: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்ற வேண்டும் ஐயா?

வாரம் ஒருமுறை, சனிக்கிழமை வேலை முடிந்ததும். தேயாவிட்டாலும் கழற்றித் துடைத்து, திங்கள் காலை போடுங்கள். ஸ்பானர் பிடிக்க இடமிருக்கும்போதே டிப்பை மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த டிப்தான் முறிகிறது.