தம்பி ஜெயிலிலிருந்து வருகிறான், அந்த நாற்பதாயிரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்

வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பி, ஊருக்குள் நடந்த கைகலப்பில் கொலை முயற்சி வழக்காகி, ஏழு வருடத் தண்டனையோடு மதுரை மத்திய சிறையில் இருக்கிறார். தண்டனையில் கழித்துத் தருகிற ரெமிஷன் நாட்கள் போக அடுத்த மாதம் விடுதலை என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய் அபராதம் இன்னும் கட்டவில்லை, கட்டாவிட்டால் மேற்கொண்டு ஆறு மாதம். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "ஸ்டேஷன் ரெக்கார்டிலிருந்து பேரை எடுத்து, கவர்மென்ட் லோனும் வாங்கி, எதிர்த்தரப்போடு ராஜியும் பேசித் தர்றேன், நாற்பதாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். தெருவில் வேறு "அவனை இங்கே கூட்டி வராதே" என்று பேச்சு. பணத்தைக் கொடுக்கலாமா, ஊரில் தம்பியை எப்படிச் சேர்த்துக்கொள்ள வைப்பது என்பதுதான் கேள்வி.

கொடுக்க வேண்டாம்மா. குழுவில் லோன் எடுத்து, நகையை வைத்துக் கொடுப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். அவர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட விற்கக்கூடிய சரக்கு இல்லை. தண்டனை பெற்ற ஒருவரின் பெயரைக் காசு வாங்கிக்கொண்டு ரெக்கார்டிலிருந்து அழிக்க நம் நாட்டில் வழியே கிடையாது. குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு வேறு சட்டம், அது உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. ராஜி என்றால் வழக்கு முடியும் முன்னால் பேசுவது. தீர்ப்பாகி தண்டனையையே அனுபவித்து முடித்தவனுக்கு இனி எதற்கு ராஜி? கட்டப் பஞ்சாயத்துக்காரன் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு போவான், பகை இருந்த இடத்திலேயே இருக்கும்.

லோன் விஷயம் கொஞ்சம் உண்மை, அதனால்தான் ஏமாறுகிறோம். விடுதலையானவர்களுக்கு உதவுவதற்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சங்கம் வெகுகாலமாக இருக்கிறது, சுயதொழில் செய்ய உதவி கேட்டு அதற்கு மனுக் கொடுக்கலாம். போக வேண்டிய இடம் நன்னடத்தை அலுவலர் அலுவலகம். இவர்கள் சிறைத்துறையைச் சேர்ந்தவர்கள், சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. விடுதலைச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் நகல், என்ன தொழில் செய்யப்போகிறான் என்று ஒரு பக்கத்தில் எழுதிய மனு, இவ்வளவு போதும். உடனே கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், நிதி வரும்போதுதான் வரும். ஆனால் நடுவில் ஆள் இருந்தால் சீக்கிரம் வரும் என்பது பொய்.

அந்த நாற்பதாயிரத்தை உங்களால் புரட்ட முடியுமென்றால் அதில் பத்தாயிரத்தை எடுத்து முதலில் அபராதத்தைக் கட்டுங்கள். அடுத்த மாதம் விடுதலை என்பது அபராதச் சிறையையும் சேர்த்துச் சொன்ன தேதியா, சேர்க்காமல் சொன்னதா என்று அடுத்த தடவை மனு பார்க்க, அதாவது ஜெயிலில் அவனைச் சந்திக்கப் போகும்போது ஜெயிலில் கேளுங்கள். சேர்க்காத தேதி என்றால், பணம் கட்டாதவரை இன்னும் ஆறு மாதம் உள்ளேதான். பாதி கட்டினால் அந்த அளவுக்கு நாளும் குறையும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டிய ரசீதைக் கையில் வாங்கி, ஒரு நகலை ஜெயிலில் கொடுங்கள். பத்தாயிரமும் முடியாதென்றால், தண்டனை முடிந்தும் அபராதத்துக்காக உள்ளே கிடக்கிற ஏழைகளுக்கென்று 2023இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 25,000 ரூபாய் வரை அபராதத்தை அதிலிருந்து கட்டலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகப் போக வேண்டும், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள், இலவசம்தான்.

அடுத்ததை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தூக்கம் கெடுகிற விஷயம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். தம்பி மேல் வேறு பழைய கேஸ் ஏதாவது இருக்கிறதா? சின்னதாக இருந்தாலும் சரி, குடித்துவிட்டுத் தகராறு, வண்டி ஆக்சிடென்ட் எதுவானாலும். இருந்தால், அவன் உள்ளே இருந்த காலத்தில் அந்தக் கேஸ் வாய்தா வாய்தாவாக நடந்திருக்கும், "எதிரி ஆஜரில்லை" என்று எழுதி (கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) பிடிவாரண்ட் போட்டிருப்பார்கள். ஆள் எங்கே இருக்கிறான்? அதே மதுரை அரசரடி ஜெயிலில், அரசாங்கத்தின் சோற்றைத் தின்றுகொண்டு. அரசாங்கத்தின் ஒரு கை பூட்டி வைத்திருக்கிற ஆளை இன்னொரு கை வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கும். ஆதாரையும் பான் கார்டையும் இணைக்காவிட்டால் நமக்கு அபராதம் போடுகிறவர்களுக்கு, ஒரே ஊரில் இருக்கிற கோர்ட்டையும் ஜெயிலையும் இணைக்கத் தெரியவில்லை.

இதில் இரண்டு நஷ்டம். போட்ட கோர்ட்டே ரத்து செய்யும்வரை, இல்லை போலீஸ் ஆளைப் பிடிக்கும்வரை, பிடிவாரண்ட் உயிரோடுதான் இருக்கும். விடுதலை நாளில் கேட்டிலேயே அள்ளிக்கொண்டு போவார்கள், நீங்கள் சோறு கட்டிக்கொண்டு வெளியே நிற்பீர்கள். இன்னொன்று, உள்ளே இருந்த நாட்களைப் பழைய கேஸின் தண்டனையில் கழிக்க வேண்டுமென்றால், அந்தக் கேஸிலும் அவனை முறைப்படி ரிமாண்ட் செய்திருக்க வேண்டும். ஜெயிலிலிருந்து அவனை வரவழைக்க பி.டி. வாரண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் இத்தனை வருடம் உள்ளே இருந்ததும் அந்தக் கேஸில் கணக்கில் வராது. ஆகவே இந்த வாரமே ஒரு பிள்ளையை விட்டு கோர்ட் கேஸ் விவரம் பார்க்கிற ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் தம்பி பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பெயரை எழுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், இங்கிலீஷில் ஒரே பெயரை நாலு விதமாக டைப் அடித்து வைத்திருப்பார்கள். தம்பியிடமும் நேராகக் கேளுங்கள், ஸ்டேஷன் பெயரும் வருடமும் அவனுக்கு நினைவிருக்கும். ஏதாவது இருந்தால், காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி இலவசம் என்பதால், விடுதலைக்கு முன்னாலேயே சட்டப்பணிகள் வக்கீலை வைத்து பி.டி. வாரண்டுக்கும் பிடிவாரண்டை ரத்து செய்யவும் மனுப் போட வேண்டும். வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஜாமீன்தாரர் தேடி அலைவது தனிச் செலவு.

விடுதலை நாளன்று வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கேட்டில் நில்லுங்கள். பழைய கூட்டாளிகள் கார், மாலை, ஹாரன், ரீல்ஸ் என்று வருவார்கள், அந்த வீடியோவே அடுத்த கேஸுக்கு அச்சாரம். உள்ளே வேலை பார்த்த கூலிப்பணம் கைக்கு வரும், அதையும் விடுதலைச் சான்றையும் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, நேரே ஆரப்பாளையம் வந்து பஸ் ஏறுங்கள்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஊர் முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது நடக்காது, தேவையும் இல்லை. தெருவில் நாலு பேர் மதிக்கிற ஒருவர், பழைய முதலாளியோ பள்ளிக்கூட வாத்தியாரோ தாய்மாமனோ, "என் பொறுப்பு" என்று சொன்னால் போதும். அவரை இப்போதே ஒருமுறை மனு பார்க்கக் கூட்டிப் போங்கள். எதிர்த்தரப்பு வீட்டார் பயந்துதான் பேசுகிறார்கள், அடிபட்டவர்கள் அவர்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் போய்ச் சமாதானம் பேச வேண்டாம், தம்பியும் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டாம். முதல் சில மாதம் வேறு ஊரில் சித்தி வீட்டில் இருப்பது தோல்வி இல்லை. திருவிழா சமயம் மட்டும் வராமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

வந்ததும் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள், போகட்டும், ஒரு பெரியவரோடு போகட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் கூடாது. இனி ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் நன்னடத்தைப் பிணையம். பழைய சட்டப் பிரிவின் எண்ணை வைத்து நூற்றிப்பத்து என்று இன்றும் எல்லோரும் சொல்கிற இது, புதுச் சட்டத்தில் பிரிவு 129, ஸ்டேஷனில் எழுதி முடிக்கிற காரியம் இல்லை. நிர்வாக நடுவர் நோட்டீஸ் கொடுத்து, விசாரித்துத்தான் எழுதி வாங்க முடியும். எழுதிக் கொடுத்தபின் மீறினால் மறுபடி ஜெயில், அதனால் வக்கீல் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

ரேஷன் கார்டில் பெயர் போயிருந்தால் இ-சேவையில் சேர்க்கலாம். ஓட்டுரிமை போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே இருக்கும்போதுதான் ஓட்டுப் போட முடியாது, பட்டியலில் பெயர் இல்லையென்றால் வெளியே வந்ததும் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுக்கலாம். பேங்க் கணக்கு முடங்கியிருந்தால் ஆதாரோடு போனால் திறந்துவிடுவார்கள், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டிப் பாஸாக வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டெஸ்ட் இல்லாமலே வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் நிற்பார், அவருக்கும் இதே பதில்தான். பத்து வருடம் வேன் ஓட்டியவனுக்கு அந்த டெஸ்ட் பெரிய விஷயமே இல்லை, கண் பரிசோதனையை மட்டும் முதலில் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.