கணினிக் கேள்வி – பதில்: சங்கத் தளத்தில் சூதாட்ட விளம்பரம்

கேள்வி: எங்கள் சனசமூக நிலையம் புலமைப்பரிசில் விண்ணப்பங்களைக் கூகுள் படிவத்தில் வாங்குகிறது. "மற்றப் பிள்ளையளின்ர விபரமும் எனக்குத் தெரியுது" என்று ஒரு தாய் சொன்னார். யாராவது ஹக் பண்ணியிருப்பார்களா?
– செயலாளர், கோண்டாவில்

பதில்: ஹக் பண்ண வேண்டிய தேவையே இருந்திராது. படிவத்தின் செற்றிங்ஸில் முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அது இயங்கினால், விண்ணப்பத்தை அனுப்பி முடித்தவருக்கு முந்தைய பதில்களைப் பார்க்கும் இணைப்பும் வரும். பெயர், விலாசம், தகப்பனின் வருமானம் எல்லாம் அங்கே தெரியும். முதலில் அதை அணையுங்கள்.

அடுத்து, பதில்கள் போய்ச் சேரும் கூகுள் ஷீட். நிர்வாக சபையின் வட்ஸ்அப் குழுவில் போடும் அவசரத்தில் 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்றிவிடுவது வழக்கமான கதை. அந்த இணைப்பைப் பிரௌசரின் மறைநிலை ஜன்னலில் திறந்து பாருங்கள். கணக்குக் கேட்காமல் திறந்தால் அது ஊருக்கே திறந்துதான் கிடக்கிறது. பெற்றோருக்கு அனுப்பிய இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். அதன் முடிவில் 'எடிட்' என்று இருந்தால், நீங்கள் கொடுத்தது படிவத்தைத் திருத்தும் முகவரி. இவற்றை மூடினாலும் ஏற்கெனவே இறக்கியெடுத்த பிரதிகள் திரும்பி வரா. ஆகவே விண்ணப்பித்த குடும்பங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

அதோடு, பெற்றோரின் அடையாள அட்டை இலக்கத்தை ஏன் கேட்கிறீர்கள்? பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த இலக்கம் கசிந்தால் பிறந்த திகதியும் சேர்ந்தே கசியும். தெரிவானவர்களிடம் மட்டும் அட்டையை நேரில் பார்த்தால் போதும். நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டும் சேர்க்க வேண்டும் என்பது இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத் தளம், தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகிறது. உறுப்பினர்கள் படம் ஏற்றலாம், செய்தி எழுதலாம். கூகுளில் தேடினால் எங்கள் பெயரின் கீழ் சூதாட்ட விளம்பரம் வருகிறது. நாங்கள் திறந்தால் தளம் சுத்தமாகத்தான் இருக்கிறது!
– தள நிர்வாகி, பருத்தித்துறை

பதில்: தளத்துக்குள் புகுந்தவர்கள், உங்களுக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்றே நிரலை அப்படி எழுதியிருக்கிறார்கள். கூகுளின் தேடுபொறிக்கும் தேடல் வழியாக வருபவருக்கும் ஒரு முகம், முகவரியைத் தட்டி வருபவருக்கு வேறு முகம். தள உரிமையாளருக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பரிசோதித்தால் கூகுள் காண்பதை நீங்களும் காணலாம். அங்கேயே உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். முன்பின் தெரியாத மின்னஞ்சல் ஒன்று சேர்ந்திருக்கக்கூடும்.

புகுந்த வழி பெரும்பாலும் புதுப்பிக்காத பிளகின் (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள்), இலவசமாகக் கிடைத்த திருட்டுத் தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), அல்லது உங்கள் படம் ஏற்றும் பெட்டி. ஏற்றிய படங்கள் சேரும் அப்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து 'விழா.ஜேபிஜி.பிஎச்பி' மாதிரி ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரில் படம், உள்ளே நிரல். படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பிஎச்பி கோப்பு (சேர்வரில் இயங்கும் நிரல்) கிடந்தால் அதுதான் வந்தவன் விட்டுப்போன சாவி.

அதை மட்டும் அழித்துவிட்டு ஓய்ந்தால் ஒரு கிழமைக்குள் திரும்பவும் வருவான். முதலில் தளத்தை மூடி, ஆராய்வதற்கு ஒரு பிரதி எடுங்கள். பயனர் பட்டியலில் அறியாத அட்மினை நீக்குங்கள். வேர்ட்பிரஸ், பிளகின், தீம் அனைத்தையும் அவற்றின் மூலத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். பழையதைத் திருத்தி மினக்கெட வேண்டாம். பிறகு ஹொஸ்டிங், தரவுத்தளம், அட்மின் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பலரும் மறப்பது வேர்ட்பிரஸின் கொன்ஃபிக் (அமைப்பு) கோப்பிலுள்ள, உள்நுழைவைக் காக்கும் இரகசியச் சாவிகளை. அவற்றையும் மாற்றினால்தான் திருடிய குக்கியோடு (உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் பிரௌசர் குறிப்பு) உள்ளே இருப்பவனும் வெளியே விழுவான்.

இனி, அப்லோட்ஸ் கோப்புறையில் பிஎச்பி இயங்காதபடி ஹொஸ்டிங்காரரிடம் சொல்லித் தடுக்க வேண்டும். கோப்பின் வகையைப் பிரௌசரில் மட்டும் சரிபார்ப்பது வீண்; சேர்வரும் பார்க்க வேண்டும். வரும் படத்தைச் சேர்வரிலேயே மறுபடி உருவாக்கிப் புதுப் பெயரில் சேமித்தால், உள்ளே ஒளித்த நிரல் பெரும்பாலும் போய்விடும். படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விபரமும் பெரும்பாலும் கழன்றுவிடும். எஸ்விஜி வகைப் படங்கள் வேண்டாம், அவற்றில் ஸ்கிரிப்ட் (பிரௌசரில் இயங்கும் நிரல்) எழுதலாம். செய்திப் பெட்டியில் எழுதுவதை அட்மின் பார்த்த பிறகே வெளியிடுங்கள். தளம் அதை எழுத்தாக மட்டுமே காட்ட வேண்டும், பக்கத்தின் நிரலான எச்டிஎம்எல்லாக இயக்கக்கூடாது.

கேள்வி: ரொறன்ரோ, லண்டன் உறுப்பினர்களோடு சூமில் நடந்த பொதுக்கூட்டத்தில் அந்நியர் புகுந்து ஆபாசக் காணொளி போட்டார்கள். எப்படித் தடுப்பது?
– உறுப்பினர், சுன்னாகம்

பதில்: இணைப்பைப் பேஸ்புக்கில் போட்டிருப்பீர்கள். பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். காத்திருப்பு அறையை இயக்கி, பட்டியலைப் பார்த்து உள்ளே விட ஒருவரைத் தனியாக நியமியுங்கள். தலைவரே அதையும் பார்க்க முடியாது. திரையைப் பகிரும் உரிமை நடத்துநருக்கு மட்டும். அதையும் மீறிக் குழப்பம் வந்தால், 'ஹோஸ்ட் டூல்ஸ்' மெனுவில் (பழைய பதிப்புகளில் 'பாதுகாப்பு') எல்லோரது செயல்பாட்டையும் நிறுத்தும் பொத்தானைத் தட்டுங்கள். ஒலி, காணொளி, திரைப்பகிர்வு மூன்றும் ஒரேயடியாக நிற்கும். வெளியேற்றியவர் மீண்டும் நுழைய விடும் செற்றிங் அணைந்திருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள்.