ரியோவின் டிஜூகா காடு மனிதர்கள் உருவாக்கியதா?

பெரும்பாலும் ஆமாம். இது மீட்டெடுத்த காடு, அதாவது அழிந்த இடத்தில் மரம் நட்டு மறுபடி வளர்த்தது, அவ்வளவுதான். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இந்த மலைச்சரிவுகளைக் காப்பித் தோட்டங்களுக்காக மொட்டையடித்தார்கள், அப்புறம் நகரத்துக்குத் தண்ணீர் தந்த ஓடைகளே வற்ற ஆரம்பித்தன. காட்டு மண் பஞ்சு மாதிரி, மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். மரம் போனால் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

அதனால்தான் 1861-இல் பேரரசர் இரண்டாம் பெத்ரோ காலத்தில், மேஜர் ஆர்ச்சர் பொறுப்பில் மரம் நடத் தொடங்கினார்கள் (முதலில் குழி வெட்டி நட்டவர்கள் அடிமைகள், அதை யாரும் அதிகம் பேசுவதில்லை). பிற்பாடு பராமரிப்பின்றிக் கிடந்ததை 1940களில் காஸ்ட்ரோ மாயா என்ற தொழிலதிபர் மக்கள் உலாவும் பூங்காவாகச் சீரமைத்தார்.

மொத்தமும் கையால் நட்டது என்றும் நினைக்க வேண்டாம், நிறைய மரங்கள் தாமாகவே முளைத்து வந்தவை.