40 வாக்கியங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன், டச்சு வாக்கிய அமைப்புகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். நல்ல இலக்கண நூல்கள் இருக்கும்போது வட்டாரக் கொச்சைகளையும் சேர்க்க வேண்டுமா? என் நெறியாளர் வற்புறுத்துகிறார். 40 வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பி, ஊர்ப்பேச்சில் மொழிபெயர்த்து வாங்கிவிடலாமா? ஐஸ்லாந்து மொழியையும் சேர்க்கலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஐஸ்லாந்தை விடுங்கள். 'கொச்சை' என்ற சொல்லையும் சேர்த்து விடுங்கள். 'நீ வந்தால்' என்பதற்குத் தெற்கு ஜெர்மனியின் பவேரியாக்காரர் 'வென்ஸ்ட் கும்ஸ்ட்' என்பார். 'நீ' என்பதைக் காட்டும் '-ஸ்ட்' விகுதி வினையில் மட்டுமா இருக்கிறது? 'ஆல்' என்று பொருள்படும் 'வென்' என்ற இணைப்புச்சொல்லிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெல்ஜியத்தின் டச்சு வழக்கான மேற்கு ஃப்லெமிஷிலும் இப்படி உண்டு. இதைப் பிழை என்பவருக்கு, வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல் எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள், என் கவலை அந்த 40 வாக்கியங்கள்தான். ஜெர்மன் வட்டார வழக்குகளை ஆராய்ந்த கேயோர்க் வெங்கர் 1876இல் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பத் தொடங்கிய பட்டியலும் பின்னாளில் 40 வாக்கியங்களில்தான் வந்து நின்றது. ஒலி வேறுபாட்டை வரைபடமாக்க அது போதும். சொல்வரிசைக்கு ஆபத்து. 'நீந்த முடிய வேண்டும்' என்பது ஜெர்மன் துணைவாக்கியத்தில் 'ஷ்விம்மென் கொன்னென் முஸ்', நம் வரிசையேதான். டச்சில் 'மூட் குன்னன் ஸ்வெம்மன்', தலைகீழ். நீங்கள் கொடுக்கும் வரிசையே பெரும்பாலும் திரும்பி வரும், ஒலி மட்டும் ஊருக்கேற்ப மாறியிருக்கும்.

டச்சு வழக்குகளின் தொடரியல் அட்லஸுக்காக (2005, 2008) 267 ஊர்களில் கேட்டார்கள். ஆய்வாளர் பொதுமொழியில் பேசினால் எதிரே இருப்பவரும் அதற்குத் தாவிவிடுவார். அதனால் பல ஊர்களில் ஊர்க்காரரை ஊர்க்காரரே கேட்கும்படி செய்தார்கள்.

'இது சரியா?' என்று கேட்காதீர்கள், பள்ளிக்கூட வாத்தியார் நினைவுக்கு வந்துவிடுவார். 'உங்கள் ஊரில் இப்படிச் சொல்வதுண்டா?' என்று கேளுங்கள். வாக்கியத்தில் ஒரு சொல் அயலூர்ச் சொல்லாக இருந்தாலும் அதற்காகவே மறுத்துவிடுவார். நீங்களோ வரிசையை மறுத்ததாகக் குறித்துக்கொள்வீர்கள். 'நீந்த', 'முடிய', 'வேண்டும்' போல மூன்று வினைக்கு ஆறு வரிசை வரும். ஆறையும் கலைத்து, இடையிடையே வேறு வாக்கியங்களைச் செருகுங்கள். 'குன்னன் மூட் ஸ்வெம்மன்' ('முடிய வேண்டும் நீந்த') டச்சுப் பரப்பில் கிடைக்காத வரிசை. அதற்கும் தலையாட்டுபவர் எதற்கும் தலையாட்டுவார், அவர் பதில்களைத் தனியே வையுங்கள். 'இல்லை' என்றால் விட்டுவிடாமல், 'பின்னே எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்.

முதலில் ஓர் ஊரில் இரண்டு பேரிடம் மட்டும் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.