முதல் ஃப்ரீடைவிங் போட்டியில் எத்தனை மீட்டர் எழுதிக் கொடுக்கலாம்?

ஃப்ரீடைவிங் என்றால் சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் போவது. கேட்டிருப்பவர் பயிற்சியில் ஒருமுறை 50 மீட்டர் தொட்டிருக்கிறார். காலில் மாட்டும் துடுப்பான ஃபின் இல்லாமல், கயிற்றைக் கையால் இழுத்து இறங்கி ஏறும் ஃப்ரீ இம்மெர்ஷன் வகை. அடுத்த மாதம் முதல் போட்டி. "50 எழுதுவதா, துணிந்து 55 எழுதுவதா?" என்கிறார். அந்த 55 எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும். கூடப் பயிற்சி செய்கிற யாரோ 54 போயிருப்பார்.

என்னைக் கேட்டால் 43. மிஞ்சிப்போனால் 45. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

விதி தெரியாதவர்களுக்கு: ஆழப் போட்டியில் முந்தின நாளே உங்கள் ஆழத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் கயிற்றின் அடியில் உள்ள தட்டை அந்த ஆழத்தில் நிறுத்துவார்கள். தட்டில் ஒட்டியிருக்கும் டேக் என்கிற சின்னத் துண்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, 15 வினாடிக்குள் முகத்தில் மாட்டியதைக் கழற்றி, கையால் ஓகே காட்டி, "ஐயம் ஓகே" என்று வாயாலும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வெள்ளைக் கார்டு. ஃப்ரீடைவிங்கின் சர்வதேச அமைப்பான அய்டாவின் விதிப்படி மீட்டருக்கு ஒரு புள்ளி. பாதியில் திரும்பினால் குறைந்த ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு புள்ளி போகும், டேக் இல்லாததற்கு இன்னொன்று போகும், கார்டும் மஞ்சளாகிவிடும். மயங்கினால் சிவப்பு, புள்ளியே கிடையாது. ஆக, 55 எழுதி 48-ல் திரும்பினால் 48-இல் 7 போய், இன்னும் ஒன்று போய், கையில் நிற்பது 40. 43 எழுதி 43 தொட்டவர் உங்களுக்கு மேலே இருப்பார். நீச்சல் குளப் போட்டியில் எழுதியதைத் தாண்டிப் போகலாம். கடலில் அது நடக்காது, தட்டோடு சரி.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். கடல் பயிற்சிக்கு பிலிப்பைன்ஸின் பங்லாவ் தீவுக்குப் போவது வழக்கம். அங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே நல்ல ஆழம் கிடைக்கும். நான் கலந்துகொண்ட சின்னப் போட்டியும் அங்கேதான். அப்போது என் பயிற்சி அளவு 52. ஒருமுறை இல்லை, சிரமப்படாமல் பலமுறை போன ஆழம். நான் எழுதியது 44.

பட்டியல் வெளியானதும் எங்கள் குழுவில் ஒருவர், "என்ன சார், வாக்கிங் போறீங்களா?" என்றார். அவர் எழுதியது 60. சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது, பொய் சொல்வானேன். 44 என்ற எண்ணுக்கு எதிரே என் பெயர், அதுவும் கீழிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடத்தில்.

மறுநாள் தண்ணீரில் என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிலின் காரணம். பயிற்சியில் நமக்குத் தோன்றும்போது மூச்சை இழுத்துப் போகிறோம். போட்டியில் நடுவர் நேரத்தைக் குறைத்துக் குறைத்துச் சொல்லிக்கொண்டே வருவார். "இரண்டு நிமிடம்" என்றபோதே என் தொண்டை இறுகிவிட்டது. அது ஏன் பெரிய விஷயம் என்றால், 30 மீட்டரில் நுரையீரல் காற்று கால் பங்காகச் சுருங்கிவிடும். அதற்குக் கீழே காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய நுரையீரலிலிருந்து காற்றை மேலே கொண்டுவருவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். அதனால் முன்கூட்டியே, நான் 22 மீட்டர் வாக்கில், வாய் நிறையக் காற்றை ஏற்றித் தொண்டையை அடைத்துக்கொள்வேன். மவுத்ஃபில் என்பது இதுதான். மீதி ஆழம் முழுவதும் அந்தக் கன்னத்துக் காற்றுதான் செலவு. பதற்றத்தில் ஒரு மிடறு விழுங்கினால் போச்சு. மூச்சு எவ்வளவு பாக்கி இருந்தாலும் காது விடாது.

எனக்கு 35 மீட்டர் தாண்டியதும் கொஞ்சம் காற்று தொண்டைக்குள் நழுவிவிட்டது. கன்னம் ஒட்டிப்போனது தெரிந்தது. நாக்கைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, இருந்த மிச்சத்தைக் காதுக்குள் பிழிந்தேன். தட்டின் விளக்கு தெரிந்தபோது இடது காது இன்னொரு மீட்டருக்கு இடம் தராது என்ற நிலை. டேகைப் பிய்த்துத் தொடைப் பக்கம் வெட்சூட்டில் ஒட்டிக்கொண்டு ஏறினேன். மேலே வந்தபோது தெளிவாகவே இருந்தேன். வெள்ளைக் கார்டு. 52 எழுதியிருந்தால் மஞ்சள்தான். சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்: 60 எழுதியவர் 51-ல் திரும்பினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 41.

அவர் என்னைவிட ஆழமாகப் போகக்கூடியவர், அதில் சந்தேகமே இல்லை. நான் கெட்டிக்காரன் என்றும் சொல்ல வரவில்லை. ஆழத்தில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது மூச்சு இல்லை, காது. காதைக் கெடுப்பது பதற்றம். முதல் போட்டியில் அந்தப் பதற்றம் எவ்வளவு இருக்கும் என்று நீங்கள் இன்னும் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றுக்கு ஐந்தாறு மீட்டர் ஒதுக்கி வையுங்கள் என்கிறேன்.

"இப்படிப் பயந்தால் சாதனை எப்படி வரும்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சாதனைக்காரர்களையே பார்ப்போம். நியூசிலாந்தின் வில்லியம் ட்ரூப்ரிட்ஜ் ஃபினும் இல்லாமல் கயிற்றையும் இழுக்காமல் நீந்தியே போகும் பிரிவில் 2010 டிசம்பரில் 101 மீட்டர் போனார். 2014-ல் தொலைக்காட்சி நேரலையில் 102-க்கு முயன்று முடியவில்லை. அந்த 102 கைக்கு வந்தது 2016 ஜூலையில். ஒரே ஒரு மீட்டருக்கு ஐந்தரை வருடம்! நீங்கள் ஒரே மாதத்தில் ஐந்து மீட்டர் கேட்கிறீர்கள்.

இன்னொரு கோஷ்டி பிரான்ஸின் கியோம் நெரியை இழுத்து வரும். 2015-ல் சைப்ரஸில் அவர் அறிவித்தது 129 மீட்டர். கயிற்றை அளந்ததில் தவறு நடந்து தட்டு 139-ல் நின்றது. தெரியாமலே 139 வரை போய்விட்டார். "பார்த்தீர்களா, மனதில் தடை இல்லாவிட்டால் உடம்பு போகும்" என்று இதைச் சொல்வார்கள். கதையின் மறுபாதியைச் சொல்ல மாட்டார்கள். திரும்பி வரும்போது நீர்மட்டத்தை நெருங்கிய இடத்தில் மயங்கிவிட்டார். அதோடு போட்டிகளில் கலந்துகொள்வதையே விட்டுவிட்டார்.

அமெரிக்க ஃப்ரீடைவர் நிக் மெவோலியைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதியாக வேண்டும். 2013 நவம்பர் 17, பஹாமாஸின் டீன்ஸ் ப்ளூ ஹோல். ட்ரூப்ரிட்ஜின் அதே பிரிவில், ஃபின் இல்லாமல் 72 மீட்டர், அமெரிக்கச் சாதனைக்கான முயற்சி. 68 வாக்கில் திரும்பத் தொடங்கியவர், மனம் மாறி மறுபடி கீழே போனார். தானாகவே மேலே வந்து ஓகே சைகையும் காட்டினார். பிறகு சரிந்தவர் பிழைக்கவில்லை. நுரையீரல் காயம். அவர் திறமை குறைந்தவர் இல்லை, ஃபின் போட்டு 100 மீட்டர் போனவர். அந்த நான்கு மீட்டரை என்னால் மறக்க முடிவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் ஒன்று. நான் 44 போட்டதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சித்தப்பா ஒரு ஃபார்வேர்டை இறக்கினார்: நம் முன்னோர் 300 அடி மூச்சடக்கி முத்தெடுத்தார்களாம். 300 அடி என்றால் 90 மீட்டருக்கு மேலே! மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகள், பெரும்பாலும் 20 மீட்டருக்கு உள்ளேதான். கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்கி, மேலே இருப்பவர் இழுத்துத் தூக்க, பொழுதுக்கும் அதையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள். அந்த உழைப்பு சொல்லி மாளாது. அதற்கு 300 அடி என்ற பொய் எதற்கு? இதைச் சொன்னதற்கு "வெளிநாடு போனதும் நம்ம பெருமையெல்லாம் பொய்யாத் தெரியுது" என்று பதில் வந்தது. குழுவை மியூட் செய்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 50-ஐ இன்னும் இரண்டு மூன்று முறை தொட்டு, மேலே வந்ததும் தடுமாறாமல் பேச முடிந்து, கீழே கன்னத்தில் காற்றும் மிச்சம் இருந்தால் 45 எழுதுங்கள். இல்லையென்றால் 43. இரண்டு மூன்று நாள் போட்டியாக இருந்தால் முதல் நாள் வெள்ளைக் கார்டை வாங்கிக்கொண்டு, கடைசி நாள் 48 வரை ஆசைப்படலாம், அப்போது நானும் தடுக்க மாட்டேன். பதக்கத்துக்கு மோதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் எதிராளி என்ன எழுதுவார் என்று ஊகித்து எழுதுகிறவர்கள், அது வேறு ஆட்டம்.

காலையில் மூக்கு அடைத்திருந்தால் 43-ம் வேண்டாம், பெயரையே எடுத்துவிடுங்கள். கட்டிய பணம் திரும்பாது, பரவாயில்லை. கீழே "பயந்தாங்கொள்ளி" என்று கமெண்ட் போடப்போகிறவர்கள், தாங்கள் வெள்ளைக் கார்டு வாங்கிய ஆழத்தையும் சேர்த்துப் போடவும்.