மாஸ்டடன், நாஸ்டர்: கணக்கின் சாவி யார் கையில்?

மாஸ்டடன், நாஸ்டர் போன்ற, ஒரே கம்பெனியின் பிடியில் இல்லாத சமூக வலைத்தளங்களில் லாகின் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகள் இவை. மாஸ்டடனில் ஒவ்வொரு சர்வரையும் வெவ்வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். நான் ஒரு சின்ன மாஸ்டடன் சர்வரைப் பார்த்துக்கொள்பவன்.

கேள்வி: அண்ணா, சர்வர் நடத்துபவர் என் பாஸ்வேர்டைப் பார்க்க முடியுமா?

பதில்: டேட்டாபேஸில் இருப்பது பாஸ்வேர்டு இல்லை, பிகிரிப்ட் என்ற முறையில் அதை அரைத்து எடுத்த ஹாஷ் என்ற குறியீடு. மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஆனால் லாகின் பக்கம் ஓடுவதே அவர் சர்வரில்தான். அந்தப் பக்கத்தின் நிரலை (கோட்) அவர் மாற்றினால் நீங்கள் டைப் செய்வதை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். அதனால் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள். தனிச்செய்திகள் நிலைமை இன்னும் மோசம். உங்கள் சர்வரை நடத்தும் அட்மினும், செய்தியைப் பெறுபவரின் சர்வர் அட்மினும் நினைத்தால் வாசிக்கலாம்.

கேள்வி: மாஸ்டடனைப் போனில் பார்க்க உதவும் டஸ்கி மாதிரி ஆப்களுக்கு பாஸ்வேர்டு போகுமா?

பதில்: போகாது. ஓஆத் என்ற அனுமதி முறையில் பிரௌசரில் உங்கள் சர்வரின் பக்கமே திறக்கும்; ஆப்புக்குக் கிடைப்பது டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு மட்டும். போன் தொலைந்தால் அந்த டோக்கனை செட்டிங்ஸில் ரத்து செய்தால் போதும். தன் பெட்டியிலேயே பாஸ்வேர்டு கேட்கிற ஆப்பை அழித்துவிடுங்கள்.

கேள்வி: சார், ஓடிபிக்காக போன் நம்பர் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: நம்பரே வேண்டாம். போனில் ஓர் ஆதென்டிகேட்டர் (ஓடிபி எண் காட்டும்) ஆப் போதும். அதில் நீங்கள் ஸ்கேன் செய்யும், சர்வர் காட்டும் க்யூஆருக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. போனும் சர்வரும் அதோடு நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 வினாடிக்கு ஒரு 6 இலக்க எண்ணைத் தனித்தனியே எடுக்கின்றன. அதற்கு நெட்கூடத் தேவையில்லை. எங்கள் சர்வரில் ஒருவருக்கு எண் ஏறவே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், வீட்டுச் சுவர்க் கடிகாரம் மாதிரி போனையும் ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார்! அப்புறம், போன் இல்லாதபோது உள்ளே நுழைய மீட்புக் குறியீடுகள் தருவார்கள். காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே போனில் ஸ்க்ரீன்ஷாட்டாக இருந்தால் போனோடு அதுவும் போகும்.

கேள்வி: நாஸ்டரில் சாவி தொலைந்தால்?

பதில்: போச்சு. ரீசெட் செய்துதர அங்கே யாரும் இல்லை. 'என்செக்' என்று தொடங்கும் ரகசியச் சாவிதான் கணக்கு. அது யார் கையில் சிக்கினாலும் அவர்தான் நீங்கள். பார்க்கிற ஆப்பில் எல்லாம் அதை ஒட்டாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஆம்பர் என்ற ஆப் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மற்ற ஆப்களுக்கு, பதிவு உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரும்.

கேள்வி: அப்பாவுக்கு எதில் கணக்குத் திறக்கலாம்?

பதில்: மாஸ்டடன். மறந்தால் மெயிலில் ரீசெட் வரும். அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவர் பிறந்த தேதியா என்று முதலில் பாருங்கள்.