மூச்சை அடிவயிற்றுக்குத் தள்ள வேண்டுமா?

மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சி வகுப்புக்கு ஆறு மாதமாகச் சென்றுவரும் 52 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “உள்ளாற்றலை அடிவயிற்றுக்கு இறக்கும்படி ஆசிரியர் சொல்கிறார். மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, வயிற்றை முன்தள்ளிப் பார்த்தேன். விரல் நுனிகள் குறுகுறுக்கின்றன; சில வேளை தலை சுற்றுகிறது. இது ஆற்றல் எழுவதன் அறிகுறியா? முன்பு பிராணாயாமம் செய்த பழக்கம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.”

இல்லை. தேவைக்கு மிஞ்சி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். விரல்களில் குறுகுறுப்பும் இதனாலேயே வரும். மூச்சை அடக்கி முக்குவது அதைவிடக் கெடுதல், ஏனெனில் அது இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்தக்கூடும். இன்றே நிறுத்திவிடுங்கள், தலைசுற்றல் அதன் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய் சி என்ற பெயரிலுள்ள ‘சி’ உச்சத்தை, எல்லையைக் குறிக்கும் சொல். ஆற்றல் என்று நாம் பெயர்க்கும் ‘ச்சி’ வேறு சொல், அதற்குக் காற்று, மூச்சு, ஆவி என்றெல்லாம் பொருள் உண்டு. அந்த ச்சி தங்குவதாகச் சொல்லப்படும் தான்தியென், தொப்புளுக்கு ஏறத்தாழ மூன்று விரற்கடை கீழே, உடலின் உட்புறத்தில் இருக்கிறது. நுரையீரலைத் தாண்டிக் காற்று அங்கே போவதில்லை. நுரையீரலுக்குக் கீழேயுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தடையின்றிக் கீழிறங்கும்போது அடிவயிறு தானாக விரிகிறது, எடை பாதங்களில் அமர்கிறது. ‘இறங்குதல்’ என்பதை இந்த நிலைக்கு வைத்த பெயராகவே நான் கொள்கிறேன்.

தாய் சியின் யாங் மரபைச் சேர்ந்த ஆசான் யாங் செங்ஃபு (1883–1936) வகுத்த பத்து நெறிகளில் ஒன்று, மார்பைச் சற்றே உள்வாங்கினால் ச்சி தான்தியெனுக்கு இறங்கும் என்கிறது. மார்பை நிமிர்த்தினால் அது மார்பிலேயே தேங்கி, மேற்பகுதி கனத்து, குதிகால் மிதக்கும் என்றும் எச்சரிக்கிறது. ஆக, இறங்குவது விளைவு. நீங்கள் செய்ய வேண்டியது மார்பையும் தோளையும் தளர்த்துவது மட்டுமே. எண்ணிக்கை வைத்து மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் பிராணாயாமத்துக்கு உரியது, அதை இங்கே கொண்டுவராதீர்கள். பழைய பழக்கம் உள்ளவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

சில வாரங்களுக்குத் தினமும் ஐந்து நிமிடம் நின்று பழகுங்கள். பாதங்களைத் தோளகலத்தில் வைத்து, முழங்காலைப் பூட்டாமல், உயரமான முக்காலியின் விளிம்பில் உட்காரப் போவதுபோல இடுப்பைத் தளரவிடுங்கள். ஒரு கையை அடிவயிற்றிலும் மற்றதைப் பின்னால் இடுப்பிலும் வைத்து, மூக்கின் வழியே வழக்கம்போல் மூச்சு விடுங்கள். மூச்சை ஆட்டிவைக்காமல், வெளிமூச்சின் முடிவில் தோள் இன்னும் கொஞ்சம் இறங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். நாளடைவில் பின்பக்கக் கைக்கும் லேசான விரிவு தெரியத் தொடங்கும். உள்ளங்கை வெதுவெதுப்பானால் மகிழலாம், ஆனால் அதைத் தேடிப் போக வேண்டாம். உடல் தளரும்போது கைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால் வரும் சூடு அது.

பிறகு 1956இல் சீனாவில் தொகுக்கப்பட்ட 24 அசைவுத் தொடரின் முதல் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்மூச்சில் மணிக்கட்டுகள் தோள் உயரம்வரை மிதந்து எழட்டும். வெளிமூச்சில் முதலில் முழங்கை தொங்க, அதைத் தொடர்ந்து உள்ளங்கை இறங்கட்டும். கை எழும்போது தோளும் கூடவே எழுந்தால், இன்னும் நின்று பழக வேண்டியிருக்கிறது என்று பொருள். மற்ற அசைவுகளில் மூச்சு முடிந்தும் கை போய்க்கொண்டிருந்தால், மூச்சை நிறுத்தி வைக்காமல் நடுவில் இன்னொரு மூச்சு எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.